இ-பிங்: மண்ணடியில் இருந்தபடி ஜெனிவாவைக் கவனிக்க ஒரு இலவசச் சேவை

மண்ணடி தம்பு செட்டித் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் மிளகாய் வத்தல், மஞ்சள், எள், கருவாடு அனுப்புகிற சிறு ஏற்றுமதி அலுவலகங்கள் நிறைய உண்டு. வெளிநாட்டில் உணவு விதி மாறிய சேதி அங்கே வழக்கமாக மூன்று வழியில் வந்து சேரும். வாங்குகிற பார்ட்டி மெயில் போடுவார். இல்லாவிட்டால் கிளியரிங் ஏஜென்ட் போனில் சொல்வார். அதுவும் இல்லையென்றால் ராட்டர்டாமில் கன்டெய்னரை நிறுத்திவைத்த பிறகு தெரியவரும். மூன்றுமே காலம் கடந்த சேதி. அந்த மாற்றம் வரைவாக இருந்தபோதே ஜெனிவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பிடம் எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். அப்படி வரும் அறிவிப்புகளை உங்கள் சரக்குக்கும் சந்தைக்கும் ஏற்றபடி பிரித்து மின்னஞ்சலில் அனுப்புகிற சேவைதான் இ-பிங்.

உலக வர்த்தக அமைப்பு, ஐ.நா.வின் பொருளாதார சமூக விவகாரத் துறை, சர்வதேச வர்த்தக மையம் மூன்றும் சேர்ந்து 2016-ல் இதைத் தொடங்கின. 2022-ல் பழைய தரவுத்தளங்களையும் உள்ளே இணைத்துப் புதுப்பித்தார்கள். கட்டணம் கிடையாது. நாங்கள் தரும் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. குறைத்த ஒன்றரைக்கும் காரணம் உண்டு, அது கீழே வருகிறது. ஆனாலும் மாதம் ஒரு கன்டெய்னர் உணவுப் பொருள் அனுப்புகிறவர்கூட இதில் பதிவு செய்யாமல் இருக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இந்தச் சேவையின் மதிப்பு தெரிய, அதன் பின்னால் இருக்கும் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். உணவுப் பாதுகாப்பு, விலங்கு, தாவர நலம் பற்றிய உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் எஸ்.பி.எஸ். 1995 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த அது ஒவ்வொரு நாட்டுக்கும் தன் மக்களின் உணவுப் பாதுகாப்பைத் தானே முடிவு செய்யும் உரிமையைக் கொடுக்கிறது. பதிலுக்குச் சில கடமைகளையும் வைக்கிறது. விதிக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும். அபாய மதிப்பீடு செய்திருக்க வேண்டும். உணவைப் பொறுத்தவரை உலகப் பொதுத் தரம் வகுக்க 1963-ல் உருவான கோடெக்ஸ் ஆணையத்தின் தரத்தோடு ஒத்துப்போனால் கேள்வி எழாது. அதிலிருந்து விலகி, வர்த்தகத்தையும் பாதிக்கிற விதி என்றால் வரைவு நிலையிலேயே மற்ற நாடுகளுக்கு அறிவித்து, கருத்துச் சொல்ல 60 நாளாவது அவகாசம் தர வேண்டும். இறுதி விதி வெளியாகி அமலுக்கு வர வழக்கமாக ஆறு மாதமாவது விட வேண்டும்.

இதை மீறினால் பாதிக்கப்பட்ட நாடு உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடலாம். ஆனால் வழக்கு எத்தனை காலம் இழுக்கும் என்பதற்கு மாட்டிறைச்சி ஹார்மோன் தகராறு ஒன்றே போதும். ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சியை ஐரோப்பா 1989-ல் தடுத்தது. அமெரிக்காவும் கனடாவும் தொடுத்த வழக்கில், தடைக்குப் போதிய அபாய மதிப்பீடு இல்லை என்று 1998-ல் மேல்முறையீட்டு அமைப்பு சொன்னது. ஐரோப்பா தடையை விலக்கவில்லை. 1999-ல் அமெரிக்கா ஆண்டுக்கு 11.68 கோடி டாலர் மதிப்புக்குப் பதில் வரி போட்டது. 2009-ல்தான், ஹார்மோன் இல்லாத இறைச்சிக்குத் தனி ஒதுக்கீடு என்று சமரசத்துக்கு வந்தார்கள். இருபது வருஷம். அமெரிக்காவுக்கு அது தாங்கும். மாதவரம் குடோனில் சரக்கையும் வங்கியில் பேக்கிங் கடனையும் வைத்திருப்பவருக்கு இருபது நாளே அதிகம். சிறு ஏற்றுமதியாளரின் குரல் எடுபடக்கூடிய ஒரே கட்டம் அந்த 60 நாள்தான். அந்த 60 நாள் தொடங்கிவிட்டது என்று சொல்லும் மணி இ-பிங்.

பதிவு செய்வது பத்து நிமிட வேலை. பெயர், மின்னஞ்சல், நாடு, நீங்கள் தொழில் நிறுவனமா அரசுத் துறையா என்ற விவரம் போதும். அலுவலகத்துக்கென்று பொதுவாக ஒரு மின்னஞ்சல் வைத்து அதில் பதியுங்கள். டாக்குமென்டேஷன் பார்க்கும் ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது எச்சரிக்கையும் அவரோடு போய்விடும் கதை இந்தத் தொழிலில் சகஜம். தினசரியா, வாராந்தரமா என்று கேட்கும், வாராந்தரமே நல்லது. 60 நாளில் ஆறேழு நாள் போவது பெரிய நஷ்டமில்லை. தினசரி என்று வைத்தால் இரண்டாம் மாதமே யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

வடிகட்டி அமைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஷிப்பிங் பில்லில் போடுகிற எட்டு இலக்கச் சரக்கு வகை எண்ணை (எச்.எஸ். கோடு) அப்படியே இங்கே தேடக் கூடாது. அறிவிப்புகள் பெரும்பாலும் நான்கு இலக்கத் தலைப்போடு நிற்கும். சிலவற்றில் எண்ணே இருக்காது, பொருளின் பெயர் மட்டும் இருக்கும். எனவே மிளகாய்க்கு 0904, மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் 0910, சீரகத்துக்கு 0909, எள்ளுக்கு 1207, நிலக்கடலைக்கு 1202, இறாலுக்கு 0306, கருவாட்டுக்கு 0305, அரிசிக்கு 1006 என்று நான்கு இலக்கத்தில் வையுங்கள். கூடவே குறிச்சொல்லாகப் பொருளின் ஆங்கிலப் பெயரையும் போடுங்கள். பூச்சிமருந்து எச்சம் பற்றிய ஐரோப்பிய அறிவிப்பு ஒன்று தானியம், பழம், காய், விலங்கு உணவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடும் என்பதால் பொருளை வைத்து மட்டும் வடிகட்டினால் தேவையில்லாததும் வந்து குவியும். மருந்தின் பெயரைக் குறிச்சொல்லாக வைப்பதே சிறந்த வழி. உங்களுக்குக் கொள்முதல் வரும் ஊரில் விவசாயிகள் என்ன அடிக்கிறார்கள் என்று மண்டிக்காரரிடம் கேட்டுப் பத்துப் பன்னிரண்டு மருந்துகளின் பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் உண்மையான வடிகட்டி.

இனி, மிக முக்கியமான பிழைக்கு வருவோம். உணவு என்றதும் எஸ்.பி.எஸ். அறிவிப்புகளை மட்டும் தேர்வு செய்துவிட்டு, தொழில்நுட்பத் தடைகள் பற்றிய டி.பி.டி. பகுதியை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் தேர்வு செய்யுங்கள். ஐரோப்பாவில் ஒரு பூச்சிமருந்தின் கதை இரண்டு அத்தியாயமாக நடக்கும். முதலில் அந்த மருந்துக்கான அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுப்பார்கள். அந்த வரைவு டி.பி.டி. வழியாக வரும். அதன் பிறகு உணவில் அந்த மருந்தின் எச்ச வரம்பைக் குறைப்பார்கள், அது எஸ்.பி.எஸ். வழியாக வரும். இரண்டாவதை மட்டும் பார்ப்பவருக்கு முதல் அத்தியாயம் தந்த அவகாசம் முழுக்க வீண்.

குளோர்பைரிபாஸ் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது 2020 ஜனவரியில். எச்ச வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு இறங்கியது 2020 நவம்பர் 13-ல். இடையில் பத்து மாதம். மிளகாய்க்கு அந்தப் பத்து மாதம் எப்படிப்பட்டது? ராமநாதபுரம் முண்டு மிளகாய் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து மாசியிலிருந்து வத்தலாக வரும். ஜனவரியில் தகவல் தெரிந்தபோது செடிக்கு மருந்து அடித்தாகிவிட்டது. அந்த வத்தலை விலைக்காகக் குளிர்கிடங்கில் வைத்து டிசம்பரில் ஏற்றினால், அடித்தபோது சட்டப்படி சரியாக இருந்த மருந்து இறங்கும்போது குற்றமாகிவிடும். 0.01 மில்லிகிராம் என்பது 100 டன்னில் ஒரு கிராம். ‘ஆறு மாத அவகாசம்’ என்று ஒப்பந்தம் பேசுவது கப்பலுக்குப் போதும், பயிருக்குப் போதாது. இந்தியா போன்ற நாடுகள் ஜெனிவாவில் திரும்பத் திரும்ப வைக்கும் வாதமும் இதுதான். அது நியாயமான வாதம்.

டி.பி.டி.யை விடக் கூடாது என்பதற்கு இன்னும் வலுவான காரணம் குளோத்தியானிடின், தயமீத்தாக்சம் மருந்துகள். இவற்றின் எச்ச வரம்பை ஐரோப்பா குறைத்தது உண்பவருக்கு ஆபத்து என்பதற்காக அல்ல, தேனீ போன்ற மகரந்தப் பூச்சிகளைக் காக்க. சுற்றுச்சூழல் காரணம் என்பதால் அந்த வரைவு 2022-ல் டி.பி.டி. அறிவிப்பாக வந்தது. 2023 பிப்ரவரியில் விதியாகி, 2026 மார்ச் 7 முதல் பொருந்துகிறது. உணவில் இருக்கும் மருந்து எச்சத்தைப் பற்றிய விதி, ஆனால் உணவுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் வரவில்லை. தன் எல்லைக்கு வெளியே இருக்கும் வயலின் தேனீக்காக ஒரு நாடு இறக்குமதி வரம்பை இறக்கலாமா என்று பல நாடுகள் எதிர்ப்புத் தெரிவித்தன. வரும் ஆண்டுகளின் பெரிய தகராறு இந்தக் கோட்டில்தான் போகும் என்பது எங்கள் கணிப்பு. இரண்டு பகுதிகளையும் இ-பிங் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது என்பது பாராட்டத் தக்கது. ஆனால் ஒரே மருந்தின் டி.பி.டி. அறிவிப்பையும் பின்னால் வரும் எஸ்.பி.எஸ். அறிவிப்பையும் கோத்துக் காட்டும் வசதி வேண்டும். அந்த வேலையை இப்போது நீங்களே கணக்குப் புத்தகத்தில் குறித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காக அரை மதிப்பெண் குறைத்தோம்.

அறிவிப்பு ஒன்று வந்தால் எங்கே பார்ப்பது? எஸ்.பி.எஸ். படிவத்தில் வரிசை எண் போட்ட கட்டங்கள் இருக்கும். மூன்றாவது, பொருள். ஆறாவது, விதியின் சாரம். எட்டாவதுதான் சண்டை நடக்கிற இடம்: சர்வதேசத் தரம் உண்டா, உண்டென்றால் இந்த விதி அதற்கு ஒத்துப்போகிறதா என்று கேட்டிருப்பார்கள். அங்கே ‘கோடெக்ஸ் தரம் உண்டு, ஒத்துப்போகவில்லை’ என்று இருந்தால் ஆட்சேபம் எழுதச் சரியான பிடி கிடைத்தது என்று பொருள். பதினொன்றாவது அமலுக்கு வரும் தேதி, பன்னிரண்டாவது கருத்துக்கான கடைசித் தேதி. இந்த இரண்டு தேதியையும் சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். முழு வரைவைப் பதிவிறக்கி எச்ச வரம்பு அட்டவணையைப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், கருவியால் அளந்து சொல்லக்கூடிய கடைசி அளவையே வரம்பாக வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அறிவிப்பு எண்ணின் வாலையும் கவனியுங்கள். ‘ஆட்.1’ என்று முடிவது பின்னிணைப்பு. பழைய மெயில்தான் மறுபடி வந்திருக்கிறது என்று அழித்துவிடுவார்கள். பெரும்பாலும் அந்தப் பின்னிணைப்பில்தான் விதி நிறைவேறிவிட்டது, இந்தத் தேதியில் அமல் என்ற சேதி இருக்கும். ‘ரெவ்.’ என்றால் வரைவையே திருத்தியிருக்கிறார்கள், கருத்துச் சொல்ல மறுபடி வாய்ப்பு உண்டு. ‘கார்.’ என்றால் எழுத்துப் பிழைத் திருத்தம். சில நேரம் அந்தப் பிழை தசமப் புள்ளியாக இருக்கும் என்பதால் அதையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, இடைக்கால ஏற்பாடு பற்றிய பிரிவைத் தேடுங்கள். தேதிக்கு முன் விளைந்த சரக்குக்கு விலக்கா, தேதிக்கு முன் ஐரோப்பாவுக்குள் நுழைந்த சரக்குக்கு மட்டும் விலக்கா? சொல் ஒன்று மாறினால் கன்டெய்னரின் தலைவிதி மாறும். செங்கடல் வழி பாதுகாப்பில்லாமல் 2023 இறுதியிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதில் பயணம் பத்து நாளுக்குமேல் நீண்டது. சென்னையிலோ காட்டுப்பள்ளியிலோ ஏற்றிய தேதியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இறங்கும் தேதிதான் கணக்கு.

இ-பிங் கைவிடும் இடமும் உண்டு. அவசர நடவடிக்கைகளுக்கு முன்னறிவிப்பு தேவையில்லை என்று ஒப்பந்தமே அனுமதிக்கிறது. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக பெல்ஜியம் எச்சரித்தது. அக்டோபர் 22 தேதியிட்ட ஐரோப்பிய விதி, ஒவ்வொரு சரக்குக்கும் அதிகாரபூர்வச் சான்றிதழ், எல்லையில் பாதிக்குப் பாதி சோதனை என்று வந்து சில நாட்களில் அமலானது. அறிவிப்பு மெயில் வரும்போது சரக்குக் கடலில் இருந்தது.

இந்த எத்திலீன் ஆக்சைடு விவகாரம் உணவுத் தரத் தகராறுகளின் முழு உருவத்தையும் காட்டுவதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சால்மோனெல்லா கிருமியைக் கொல்ல மசாலாவுக்கும் எள்ளுக்கும் இந்த வாயுவைச் செலுத்துவது பழைய முறை. வாயு பறந்துவிடும், பொருளில் இருக்கும் குளோரைடோடு சேர்ந்து உண்டான 2-குளோரோஎத்தனால் தங்கிவிடும். அமெரிக்கா இதை அனுமதிக்கிறது: வாயுவுக்கு 7 பி.பி.எம். (கிலோவுக்கு 7 மில்லிகிராம்), குளோரோஎத்தனாலுக்குத் தனியாக 940 பி.பி.எம். ஐரோப்பா இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் பார்க்கிறது: எள்ளுக்கு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், மசாலாவுக்கு 0.1. கூட்டும்போது குளோரோஎத்தனாலின் அளவை 0.55-ஆல் பெருக்க வேண்டும். அந்த 0.05 என்பது 19 டன் எள் ஏற்றிய ஒரு கன்டெய்னர் முழுவதிலும் சேர்த்து ஒரு கிராமுக்கும் குறைவு. கோடெக்ஸில் இதற்கு வரம்பே இல்லை என்பதால் எது சரி என்று சொல்ல நடுவர் இல்லை. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாக் கலவைகளைத் திரும்பப் பெறச் சொன்னபோதும் இதே வெற்றிடம்தான். அதன் பிறகு அந்த இரு சந்தைகளுக்கும் போகும் மசாலாவுக்கு நறுமணப் பொருள் வாரியம் கட்டாயச் சோதனையைக் கொண்டுவந்தது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: அமெரிக்கச் சரக்கையும் ஐரோப்பியச் சரக்கையும் ஒரே அறையில், ஒரே சாக்கில், ஒரே சலிப்பு இயந்திரத்தில் கலக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு நீராவிச் சுத்திகரிப்புக்கு மாறுங்கள். லேப் ரிப்போர்ட்டில் இரண்டு பொருளின் அளவும் தனித்தனியாகவும், கூட்டுத்தொகையாகவும் கேளுங்கள். வாயுவை மட்டும் சோதித்து ‘இல்லை’ என்று வரும் ரிப்போர்ட்டால் எந்தப் பயனும் இல்லை.

லேப் ரிப்போர்ட் என்றதும் இன்னொன்று. ‘அளவிடும் எல்லைக்குக் கீழே’ என்ற வரியைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த எல்லை எவ்வளவு என்று பாருங்கள். மிளகாயின் நிறமும் எண்ணெயும் கருவியைக் குழப்பும் என்பதால் சில கூடங்கள் எல்லையை 0.05 என்று வைத்திருக்கும். வாங்கும் நாட்டின் வரம்பு 0.01 என்றால் அந்த ரிப்போர்ட் எதையும் நிரூபிக்கவில்லை. மேலும், பச்சை மிளகாய்க்கான வரம்பை வத்தலுக்குப் பொருத்தும்போது தண்ணீர் வற்றியதற்கான காரணியால் பெருக்க வேண்டும். கோடெக்ஸ் பொதுவாக 10 என்று எடுக்கிறது. உங்கள் பார்ட்டி எந்த எண்ணை ஏற்கிறார் என்று ஆர்டர் பேசும்போதே எழுத்தில் வாங்குங்கள். வடசென்னைக்காரர்களுக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் தர மதிப்பீட்டுக் கூடம் கும்மிடிப்பூண்டியிலேயே இருப்பது பெரிய வசதி. நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சைப் பார்க்க, மேல் மூட்டையிலிருந்து அரைக் கிலோ அள்ளி அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஐரோப்பிய அதிகாரிகள் பெரிய லாட்டில் 100 இடத்தில் எடுத்து 20 கிலோ சேர்ப்பார்கள். பூஞ்சை ஒரு மூட்டையில் கொத்தாக இருக்கும், பக்கத்து மூட்டையில் துளியும் இருக்காது. இங்கே பாஸ், அங்கே பெயில் என்று வருவதற்கு முதல் காரணம் இதுதான். அவர்கள் பாரபட்சம் காட்டுகிறார்கள் என்று குற்றம்சாட்டும் முன் நம் சாம்பிளைப் பார்க்க வேண்டும்.

அவசர விதிகளை முன்கூட்டி மோப்பம் பிடிக்க, ஐரோப்பாவின் விரைவு எச்சரிக்கை அமைப்பான ராஸ்ஃப் தளத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் இலவசம். எந்த நாட்டின் எந்தப் பொருள் எதனால் நிறுத்தப்பட்டது என்று அங்கே தெரியும். இந்தியாவிலிருந்து போகும் ஒரே பொருள் அடுத்தடுத்துப் பட்டியலில் வந்தால், கூடுதல் சோதனைப் பட்டியலில் ஏறப்போகிறது என்று புரிந்துகொள்ளலாம். 2019/1793 எண்ணுள்ள அந்தப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்வார்கள். நம் ஊர்க் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வெண்டைக்காயும் அதில் ஏறியவை.

கருத்துத் தெரிவிக்கும் வழி பற்றி. இ-பிங்கில் நீங்கள் நேரடியாக ஐரோப்பாவுக்குப் பதில் போட முடியாது. ஒவ்வொரு நாடும் ஒரு விசாரணை மையம் வைத்திருக்கும். உணவுப் பாதுகாப்புக்கு இந்தியாவில் அது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., டி.பி.டி.க்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம். அதன் வழியாகத்தான் போக வேண்டும். மையத்தின் தொடர்பு விவரம் தளத்திலேயே கிடைக்கும். நகலை உங்கள் பொருளுக்கான வாரியத்துக்கும் அனுப்புங்கள்: மசாலாவுக்கு நறுமணப் பொருள் வாரியம், மீனுக்குக் கடல் பொருள் ஏற்றுமதி ஆணையமான எம்பீடா, காய்கறிக்கும் அரிசிக்கும் வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபீடா. 58-ஆம் நாள் அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும். பலருடையதையும் தொகுத்து எழுத அரசுக்கு நாள் வேண்டும். இருபத்தைந்தாம் நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.

கடிதம் இரண்டு பக்கம் போதும். ‘எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும்’ என்று மட்டும் எழுதினால் யாராலும் அதை ஜெனிவாவுக்கு எடுத்துப்போக முடியாது. அறிவிப்பு எண், மருந்து, பொருள், இப்போதைய வரம்பு, முன்மொழியும் வரம்பு, கோடெக்ஸ் வரம்பு இருந்தால் அது. பிறகு உங்கள் ஆதாரம்: கடந்த இரண்டு பருவத்தில் எத்தனை சாம்பிள், எத்தனையில் எவ்வளவு, எந்த முறையில், எந்த அளவிடும் எல்லையில். ஆண்டுக்கு எத்தனை டன் இதனால் பாதிக்கும். கடைசியில் என்ன வேண்டும் என்ற தெளிவான கோரிக்கை: கோடெக்ஸ் வரம்பை ஏற்கவா, ஒரு முழுப் பயிர்ப் பருவம் அவகாசமா, ஏற்கெனவே அறுவடையானதற்கு விலக்கா. ஒப்பந்தத்தின் பிரிவையும் சுட்டலாம்: ஆதாரமில்லை என்றால் 2.2, அபாய மதிப்பீடு இல்லை என்றால் 5.1, இதைவிட இலகுவான வழி இருக்கிறது என்றால் 5.6, அவகாசம் போதாது என்றால் இணைப்பு ‘பி’யின் இரண்டாம் பத்தி. மண்ணடியில் பத்துக் கடைக்காரர் சேர்ந்து ஒரே கடிதமாக, ஐம்பது லேப் ரிப்போர்ட்டோடு அனுப்பினால் அதற்குத் தனி எடை உண்டு.

கருத்தை ஏற்காவிட்டால், ஆண்டுக்கு மூன்று முறை கூடும் எஸ்.பி.எஸ். குழுவில் இந்தியா அதைத் ‘தனி வர்த்தகக் கவலை’யாக எழுப்பலாம். அரிசியில் டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லியின் வரம்பை ஐரோப்பா கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01-க்கு இறக்கியபோது அப்படி எழுப்பியது. யார் எழுப்பினார், எந்த நாடு ஆதரித்தது, ஐரோப்பா என்ன பதில் சொன்னது என்ற பதிவெல்லாம் இ-பிங்கிலேயே தேடிப் படிக்கலாம். புதிதாகக் கடிதம் எழுதுபவருக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் இல்லை; முழு மதிப்பெண் தரக்கூடிய பகுதி இது.

இறக்குமதி செய்பவர்களும் இதைக் கவனிக்கலாம். இந்தியாவின் விதிகளும் இங்கே அறிவிக்கப்படுகின்றன. 24 பயிர்ப் பொருள்களுக்கு மரபணு மாற்றம் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020 ஆகஸ்டில் போட்ட உத்தரவு டி.பி.டி. வழியாகத்தான் போனது. 2021 ஜனவரி 1 என்ற தேதி மார்ச் 1-க்குத் தள்ளிப்போனது. நாமும் எப்போதும் புகார் சொல்லும் தரப்பு அல்ல: பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி அமெரிக்கக் கோழியைத் தடுத்த வழக்கில், அபாய மதிப்பீடு இல்லை என்ற அதே பிரிவில் இந்தியா 2015-ல் தோற்றது.

காசிமேட்டு மீன் தொழிலுக்கு இந்தச் சேவை பாதி மட்டுமே பொருந்தும். எச்சம், கன உலோகம், நுண்ணுயிர் பற்றிய விதிகள் வரும். பண்ணை இறாலில் தடைசெய்த ஆன்டிபயாடிக் மருந்துகளான குளோராம்பெனிகால் கிலோவுக்கு 0.15, நைட்ரோஃபியூரான் வகைகள் ஒவ்வொன்றும் 0.5 மைக்ரோகிராம் என்று ஐரோப்பா 2022 நவம்பர் 28 முதல் இறுக்கியது. இங்கே ஒரு நுணுக்கம்: நைட்ரோஃபியூரான் குறியீடான செமிகார்பசைடு இறால் வகைகளின் ஓட்டில் இயற்கையாகவே இருக்கக்கூடும். ஓட்டோடு அரைத்துச் சோதித்தால் தப்பான பாசிட்டிவ் வரும். சதையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கணவாயில் காட்மியம் வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம், அதுவும் குடல் நீக்கிய சதைக்கு. காட்மியம் சேர்வதே குடல் பகுதியில்தான் என்பதால், படகில் பிடித்ததும் சுத்தம் செய்யாமல் ஐஸில் கிடந்தால் சதைக்கும் இறங்கும். சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு: 9 சாம்பிளில் 2-க்கு மேல் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, எதுவும் 200-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று ஐரோப்பா கேட்கும் பிடிப்புச் சான்றிதழோ, ஆமை விலக்கு வலை பற்றிய அமெரிக்க நிபந்தனையோ இந்த ஒப்பந்தத்தின் கீழ் வருவதில்லை. ஆமை வழக்கை இந்தியாவும் மற்ற மூன்று நாடுகளும் நடத்தி 1998-ல் தீர்ப்பு வந்ததுகூட வேறு ஒப்பந்தத்தின் கீழ்தான். இவற்றுக்கு எம்பீடா சுற்றறிக்கையைத்தான் நம்ப வேண்டும்.

பாக்கி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது மொழிக்காக. தளம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷில் இருக்கிறது. கணினியின் தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்பில் ‘எச்ச வரம்பு’ ஒரு வரியில் சரியாகவும் அடுத்த வரியில் வேறாகவும் வரும். தேதியையும் எண்ணையும் எப்போதும் மூலத்திலேயே சரிபாருங்கள். படிவத்தின் கட்டங்கள் மாறுவதில்லை என்பதால், ஒவ்வொரு கட்டமும் என்ன கேட்கிறது என்று தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டினால் பாதிச் சிக்கல் தீரும். வணிகர் சங்கங்கள் இதை அச்சடித்துக் கொடுக்க ஆகும் செலவு மிகச் சிறியது.

யாருக்கு இது வேண்டாம்? ஒரே வாங்குபவருக்கு அவர் பெயரிலேயே பேக் செய்து கொடுத்து, எல்லாச் சோதனையும் அவர் பொறுப்பில் இருந்தால் அவசரமில்லை. மற்றவர்கள் வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். திங்கள்கிழமை காலை கஸ்டம்ஸ் வேலை சூடு பிடிக்கும் முன் என்றால் வசதி. முதல் மாதம் வடிகட்டியை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும். வாரத்துக்குப் பதினைந்து அறிவிப்புக்கு மேல் மெயிலில் வந்தால் பொருளைக் குறைக்காதீர்கள், சந்தையைக் குறையுங்கள்: அடுத்த ஓராண்டில் உண்மையாகவே சரக்கு அனுப்பப்போகும் நாடுகளை மட்டும் விட்டுவைத்து மற்றதை எடுத்துவிடுங்கள்.